17 மணி 47 நிமிடம்

அம்மாவிடம் நான் சொன்ன பொய்களில் பாதி எனக்கே மறந்துவிட்டது. இந்த ஒன்றை மட்டும் மறக்கவிடாமல் அவளே பார்த்துக்கொண்டாள்.

2023 மே மாதம். தங்கச்சிக்கு அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் பிரசவம், ஜூன் இரண்டாவது வாரம் தேதி கொடுத்திருந்தார்கள். அம்மா முதல்தடவையாக விமானம் ஏறப்போகிறாள், அதுவும் தனியாக. அதற்கு முன் அவள் போன அதிகபட்ச தூரம் காசி. தெருவில் நாற்பது பேர் சேர்ந்து, புளியோதரை மூட்டையோடு ரயிலில் போனது. விசா வந்த வாரக்கடைசியில் நான் கோயம்புத்தூரில் இருந்து ராஜபாளையம் போயிருந்தேன். அடுப்படியில் இருந்தபடியே கேட்டாள்: "எத்தனை மணி நேரம்டா ஆகும்?" போனை எடுத்து சென்னை, சான் பிரான்சிஸ்கோ என்று இரண்டு ஊர்ப் பேரையும் தட்டினேன். தூரக்கணக்கு போட்டுக் கொடுக்கிற தளம் ஒன்று வந்து நின்றது. 13,915 கிலோமீட்டர். பயண நேரம் 17 மணி 47 நிமிடம். அப்படியே வாசித்தேன். "பதினேழே முக்கால் மணி நேரம்தாம்மா. ராத்திரி ஏறினா மறுநாள் இறங்கிரலாம்."

"அவ்வளவுதானா? காசிக்கே ரெண்டு நாள் ஆச்சே" என்றாள். குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதியைப் பார்த்ததும் எனக்கும் சந்தோஷமாகிவிட்டது. அதற்குமேல் யோசிக்கவில்லை. 47 நிமிடம் என்று அவ்வளவு துல்லியமாகச் சொல்கிறவன் பொய் சொல்லமாட்டான் என்று நமக்குள் ஒரு நம்பிக்கை. பதினெட்டு மணி நேரம் என்று போட்டிருந்தால்கூடக் கொஞ்சம் சந்தேகப்பட்டிருப்பேன்.

அந்த 47 எப்படி வந்தது என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு ஊருக்கும் உருண்டையின் மேல் இருக்கிற மிகக் குறுகிய தூரத்தை எடுத்து, மணிக்கு 805 கிலோமீட்டர், அதாவது 500 மைல் என்று ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து அரை மணி நேரம் கூட்டினால் 17 மணி 47 நிமிடம் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்துக் கணக்கு. விமானம் என்று ஒன்று இருக்கிறதா, அது யாருடையது, எந்த நாட்டின் மேல் பறக்க அதற்கு அனுமதி உண்டு என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை. சென்னையில் இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர் விமானம் கிடையாது. இல்லாத ஒரு விமானம் வந்து சேர்கிற நேரத்தைத்தான் அம்மாவிடம் நான் நிமிட சுத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

நூல் போகிற வழி

என் மகளிடம் ஒரு உலக உருண்டை இருக்கிறது, பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் நானும் தையல் நூலை எடுத்து சென்னையில் ஒரு முனையை வைத்து, சான் பிரான்சிஸ்கோ வரை இழுத்துப் பிடித்தோம். தொய்வில்லாமல் இழுத்தால் நூல் தானாகவே குறுக்குவழியைப் பிடித்துக்கொள்ளும். பெருவட்டப் பாதை என்று சொல்வது இதைத்தான். சுவரில் மாட்டுகிற தட்டையான படத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். நான் அமெரிக்கா என்றால் மேற்கே, அரபிக்கடலைத் தாண்டி, ஐரோப்பாவைத் தாண்டி என்று நினைத்துக்கொண்டிருந்தவன். நூலோ வடகிழக்காக, வங்காள விரிகுடாவின் மேல் கிளம்புகிறது. நேராகப் போய் இமயமலையில் ஏறுகிறது. கணக்குப் போட்டும் பார்த்தேன்: எவரெஸ்ட் சிகரத்தைக் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு போகிறது. அப்புறம் திபெத், சீனா, மங்கோலியா, சைபீரியா. உறைந்து கிடக்கிற வடகோடியில் ஒரு வளைவு. அங்கிருந்து அலாஸ்கா, பிறகு பசிபிக் ஓரமாகக் கீழே இறங்கி கலிஃபோர்னியா.

"அப்ப ஆச்சி எவரெஸ்ட்டப் பாப்பாங்களா?" என்று மகள் கேட்டாள். பார்க்கமாட்டாள். அந்த வழியாக எந்தப் பயணிகள் விமானமும் போக விரும்பாது. கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால் விமானி உடனே 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும், தலைக்கு மேலே தொங்குகிற முகமூடியில் கால் மணி நேரத்துக்குத்தான் ஆக்சிஜன் வரும். திபெத்தில் தரையே சராசரியாகப் பதினாலாயிரம் அடிக்கு மேல். எங்கே இறங்குவது? அது போக, வானத்துக்கும் வேலி உண்டு. 2022 பிப்ரவரிக்குப் பிறகு அமெரிக்க, ஐரோப்பிய விமானங்கள் ரஷ்யாவுக்கு மேல் பறக்க முடியாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. டெல்லியில் இருந்து மேற்கே போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். நூலுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை, அது பாட்டுக்குப் போகிறது.

பெங்களூரில் இருந்து போயிருக்கலாம். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா முதல் நேர் விமானத்தை விட்டது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானி அறையில் அத்தனை பேரும் பெண்கள், வட துருவத்தின் மேலாக வந்தார்கள். அந்தச் செய்தியை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். ஆனால் டிக்கெட் எடுத்தது மாப்பிள்ளை, அதுவும் விலை பார்த்து, துபாய் வழியாக. மதுரையில் ஏறியிருக்கலாமே என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான். மாப்பிள்ளை எடுத்த டிக்கெட்டில் குறை சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

ஆக, நூல் சொன்ன 13,915 கிலோமீட்டர், டிக்கெட்டில் வேறாகிவிட்டது. சென்னை–துபாய் 2,930. துபாய்–சான் பிரான்சிஸ்கோ 13,020. மொத்தம் 15,950. இரண்டாயிரம் கிலோமீட்டர் கூடுதல். இதையும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

டிக்கெட்டைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா இன்னொரு கணக்குப் போட்டாள். சனிக்கிழமை காலை 4 மணிக்குச் சென்னையில் கிளம்பி, அதே சனிக்கிழமை மத்தியானம் ஒண்ணே முக்காலுக்கு அமெரிக்காவில் இறங்குகிறது என்று அதில் போட்டிருந்தது. "ஒம்பதே முக்கால் மணி நேரமா? இங்க இருந்து மெட்ராஸ் போற நேரம்தான் ஆகுது" என்றாள். அந்தந்த ஊர் நேரத்தைத்தான் டிக்கெட்டில் அச்சடிப்பார்கள், கழித்துப் பார்க்கக் கூடாது என்று விளக்கினேன். அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போய், தெரு முழுக்க ஒன்பதே முக்கால் என்றே சொல்லி வைத்தாள்.

பால் கணக்கு நோட்டு

அம்மா கணக்கு எழுதுகிறவள். பால், தயிர், கேஸ் சிலிண்டர் போட்ட தேதி, வேலைக்காரம்மாவுக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் நீளவாக்கில் மடிக்கிற ஒரு நோட்டில் ஏறிவிடும். பயணத்துக்கு என்று தனி நோட்டு வாங்கவில்லை. அதே பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தலைகீழாகப் பிடித்து, அதில் எழுத ஆரம்பித்திருக்கிறாள். எழுதியதற்குக் காரணம் மாத்திரை. பிரஷருக்குக் காலையில் ஒன்று, ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று. "மணி மாறும், குழம்பிராதீங்க, ரெண்டு மாத்திரைக்கும் நடுவுல பன்னெண்டு மணி நேரம் இருக்கணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அம்மா அவள் பாணியில் எடுத்துக்கொண்டாள். கடிகாரத்தைத் தொடவே மாட்டேன், இந்தியா மணியிலேயே ஓடட்டும், போகிற வழியில் நடப்பதை எல்லாம் அந்த மணிப்படி எழுதி வைப்பேன் என்று முடிவு.

கடிகாரம் அப்பாவுடையது. ஹெச்எம்டி ஜனதா, காலையில் எழுந்ததும் சாவி கொடுக்க வேண்டும். அப்பா போன பிறகு அம்மா அதைக் கட்டிக்கொண்டாள். அவள் மணிக்கட்டுக்கு அது பெரிசு. வாரில் கூடுதலாக ஒரு ஓட்டையை ஊசியைச் சுட்டுக் குத்தியிருப்பாள், அப்படியும் வளையல் மாதிரிச் சுழன்றுகொண்டுதான் இருக்கும்.

நவம்பரில் திரும்பி வந்ததும் பெட்டியைப் பிரிக்கும்போது அந்த நோட்டு என் கைக்கு வந்தது. பென்சிலில், ரயில் ஆட்டத்தில் கோணலான எழுத்தில் இருந்ததை அப்படியே தருகிறேன்:

வியாழன் மாலை 6.50 – வீட்டைப் பூட்டியது.
7.55 – ரயில்.
வெள்ளி காலை 5.20 – தாம்பரம்.
6.05 – குரோம்பேட்டை சித்தி வீடு.
இரவு 12.10 – சித்தி வீட்டில் கிளம்பியது.
12.35 – ஏர்போர்ட். தம்பி வெளியே நின்றுவிட்டான்.
சனி 4.05 – நகர்ந்தது.
8.20 – துபாய். காலை மாத்திரை. நல்ல நடை.
10.25 – மறுபடி நகர்ந்தது.
இரவு 8.00 – மாத்திரை. வெளியே வெயில்.
2.15 – இறங்கியது.
3.40 – வெளியே விட்டார்கள்.
4.30 – வீடு. சுடுதண்ணி.

அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, பால் கணக்கைக் கூட்டுவது போலவே கூட்டி, "57 மணி 40 நிமிடம்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு. அதற்கும் பக்கத்தில், சின்னதாக: "தம்பி சொன்னது 17.47."

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "17.47" என்பதை அவள் அடித்துத் திருத்தவில்லை, கேள்விக்குறி போடவில்லை. பால்காரர் சொன்ன கணக்கையும் தன் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைப்பாளே, அந்த மாதிரி வைத்திருந்தாள்.

குரோம்பேட்டை

நான் வாதாடினேன். எனக்கு அந்த 57 பிடிக்கவில்லை. "அம்மா, இதுல நீ குரோம்பேட்டையைச் சேர்த்திருக்க. சித்தி வீட்டுல பதினெட்டு மணி நேரம் சும்மாதானே இருந்தோம். சாப்பிட்டோம், தூங்கினோம், டிவி பார்த்தோம். அதைக் கழிச்சிரு. அது பயணம் இல்ல." அந்தப் பதினெட்டு மணி நேரமும் நானும் கூடவே இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ரயிலில் எதிர் பெர்த்தில் நான்தான் படுத்திருந்தேன். வியாழன் சாயங்காலம் முதல் சனி அதிகாலை வரை அவளோடு வந்தவன் நான். அந்த நேரம் முழுவதும் என் மனசில், பயணம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. விமானம் நகர்ந்தால்தான் ஆரம்பம்.

அம்மா பெட்டியில் இருந்து பேரனின் பழைய துணிகளை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள்: "அதை ஏன் கழிக்கணும்? அங்க இருந்தப்ப நான் வீட்டுலயா இருந்தேன்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று மட்டுமில்லை, இதை எழுதுகிற வரைக்கும் இல்லை. சித்தி வீட்டில் அம்மா எப்படி இருந்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். சோஃபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கட்டிய புடவையை மாற்றவில்லை, கசங்கிவிடும் என்று படுக்கவும் இல்லை. கைப்பை மடியில். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை அதைத் திறந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்து மூடினாள். சித்தி மத்தியானம் வத்தக்குழம்பு வைத்து அப்பளம் பொரித்தாள், அம்மா மோர்ச்சாதம் மட்டும் போதும் என்றாள். வழியில் வயிறு ஏதும் பண்ணிவிடுமோ என்ற பயம். தூங்கினோம் என்று நான் சொன்னதில் தூங்கியது நான்.

அந்தத் தளத்தின் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அது விமானத்தின் கேள்விக்கு விமானத்தின் பதிலைச் சொல்கிறது. அம்மா அடுப்படியில் இருந்து கேட்ட கேள்வி அது கிடையாது. வீட்டைப் பூட்டினால் மகளைப் பார்க்க எத்தனை நேரம் என்று அவள் கேட்டாள். நான் அதை வேறு கேள்வியாக மாற்றிக்கொண்டு, மாற்றிய கேள்விக்கு நிமிட சுத்தமாகப் பதில் சொல்லிவிட்டேன்.

அவள் கணக்கை வைத்துக்கொண்டு நானும் ஒரு கணக்குப் போட்டேன். 57 மணி 40 நிமிடத்தில் விமானத்துக்குள் இருந்தது 4 மணி 15 நிமிடமும் 15 மணி 50 நிமிடமும், மொத்தம் 20 மணி 5 நிமிடம். மற்ற முப்பத்தேழரை மணி நேரமும் தரையில்தான். ராஜபாளையத்தில் இருந்து தாம்பரம் வர, அறுநூறு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு, ஒன்பதரை மணி நேரம் கொஞ்சம் குறைய. அதில் பாதிக்கும் குறைவான நேரத்தில் கடல் தாண்டி துபாய் போய்விட்டாள்.

விமானத்தின் வேகத்தைக் கூட்டி இதைக் குறைக்க முடியாது. 1960-இல் ஏர் இந்தியா நியூயார்க்குக்குப் பறக்கவிட்ட போயிங் 707-க்கும் இன்றைய விமானத்துக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசமே இல்லை, இரண்டும் மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டித்தான். நடுவில் கான்கார்ட் வந்து ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பறந்து காட்டிவிட்டு, 2003-இல் ஓய்வு பெற்றுப் போனது. அறுபது வருடத்தில் விமானங்கள் கற்றுக்கொண்டது நிற்காமல் போவதைத்தான். 1947-இல் சிட்னியில் இருந்து லண்டன் போக நான்கு நாள் ஆனது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று ஊர் ஊராக இறங்கி ஏற வேண்டும். இன்று சிங்கப்பூரில் ஏறினால் 15,300 கிலோமீட்டர் தாண்டி நியூயார்க்கில்தான் இறங்குவது, பத்தொன்பது மணி நேரத்துக்குள். ஆனால் சிங்கப்பூர் விமான நிலையத்துக்கு வந்து சேர்கிறவன் எங்கே இருந்து, எத்தனை மணிக்குக் கிளம்பினான் என்பது எந்தச் சாதனைப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

இருட்டாத ராத்திரி

நோட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி, "இரவு 8.00 – மாத்திரை. வெளியே வெயில்" என்பதுதான். அதன் கதையை அம்மாவே சொன்னாள். துபாயில் காலையில் ஏறியது. முன் சீட்டின் முதுகில் இருந்த திரையில் குட்டி விமானம் போகிற வழி தெரிந்தது. மேற்கே போகும் என்று எதிர்பார்த்தவளுக்கு, அது படத்தின் உச்சியைப் பார்த்து நெட்டுக்குத்தாக ஏறியதும் பயம் வந்துவிட்டது. தப்பான விமானத்தில் ஏறிவிட்டோமோ என்று பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் டிக்கெட்டைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். அது ஆந்திராப் பெண், தமிழ் தெரியாது. ராஜபாளையத்தில் தெலுங்கு பேசுகிறவர்களுக்கா பஞ்சம்? அம்மாவுக்குக் காதில் விழுந்த தெலுங்கு கொஞ்சம் உண்டு. அதை வைத்து இரண்டு பேரும் சமாளித்தார்கள்.

விமானம் தப்பில்லை. துபாயும் சான் பிரான்சிஸ்கோவும் உருண்டையில் ஏறக்குறைய நேர் எதிர்த் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன, வித்தியாசம் 178 பாகைக்குச் சற்றுக் குறைவு. அப்படி இரண்டு ஊர் இருந்தால் குறுக்குவழி வட துருவத்துக்குப் பக்கத்தில்தான் போகும். காற்றைப் பார்த்து அன்றன்றைக்குப் பாதையைக் கொஞ்சம் மாற்றுவார்கள், ஆனால் வடக்கே ஏறி இறங்குவது மாறாது. மே கடைசியில் அங்கே சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. துபாயின் காலை வெயிலில் கிளம்பி, துருவத்து நள்ளிரவு வெயிலைக் கடந்து, கலிஃபோர்னியாவின் மத்தியான வெயிலில் இறங்கியிருக்கிறாள். ஜன்னல்களை எல்லாம் மூடிவைத்து, விளக்கை அணைத்து, ஒரு செயற்கை ராத்திரியை உண்டாக்கியிருந்தார்கள். அம்மா கடிகாரத்தில் எட்டு மணி. இது ராத்திரி எட்டா பகல் எட்டா என்று அவளுக்கே சந்தேகம் வந்து, ஜன்னல் மூடியை விரல் அளவுக்குத் தூக்கிப் பார்த்தாளாம். "கண்ணு கூசிப்போச்சு. கீழ எல்லாம் உப்பளம் மாதிரி வெள்ளை." என் கணக்குப்படி அந்த நேரம் விமானம் துருவத்தைத் தாண்டி அதிக நேரம் ஆகியிருக்காது. வட துருவத்துக்கு அந்தண்டை உட்கார்ந்து, ராஜபாளையத்து ராத்திரிக்கு உரிய பிரஷர் மாத்திரையை அம்மா போட்டுக்கொண்டாள்.

இதைக் கேட்டபோது, எப்போதோ படித்த ஒரு சங்கதி ஞாபகம் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல் 1945 வரை, ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருந்து இலங்கையின் கொக்கலை ஏரிக்கு கான்டாஸ் நிறுவனம் கேட்டலினா என்ற மிதவை விமானங்களை ஓட்டியது. கீழே கடலில் ஜப்பான்காரன், அதனால் வானொலியில் பேசக் கூடாது. நட்சத்திரத்தைப் பார்த்து வழி பிடிக்க வேண்டும். மூன்றே பயணிகள், கொஞ்சம் தபால், மீதி எல்லாம் பெட்ரோல். 27 முதல் 33 மணி நேரம் வரை இறங்காமல் பறந்ததால் ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்ப்பார்கள், அதற்கு ஒரு சான்றிதழே கொடுத்தார்களாம். அவர்களுக்கு இரண்டு உதயம் என்றால், அம்மாவுக்கு ஒரு அஸ்தமனம்கூட இல்லாத பயணம். சனிக்கிழமை சாயங்காலத்தை அவள் பார்த்ததே ஃப்ரீமாண்டில் குளித்து முடித்த பிறகுதான். சான்றிதழ் யாரும் கொடுக்கவில்லை. வெளியே வர ஒன்றரை மணி நேரம் வரிசையில் நிறுத்தி, எதற்கு வந்தாய், எப்போது போவாய் என்று கேட்டார்கள். பிரசவ லேகியம் இருந்த டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தார்கள்.

இறங்கினதும் நடந்த இன்னொன்று. விமான நிலையத்துச் சுவரில் மணி 1.45. அம்மா கையில் 2.15. "உலகத்துக்கு அந்தப் பக்கம் வந்திருக்கேன், அப்பா வாட்ச் அரை மணி நேரம்தான் தப்பு காட்டுது பாரேன்" என்று வீடு போய்ச் சேர்ந்ததும் போனில் சொன்னாள், அத்தனை களைப்பிலும். கோடைக்கால நேரத்தில் கலிஃபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். முள் வைத்த கடிகாரத்துக்குப் பகலும் ராத்திரியும் தெரியாது, பன்னிரண்டு மணி நேரம் அதற்கு ஒரு முழுச் சுற்று, அவ்வளவுதான். மிச்சம் அரை மணி. ஐந்து மாதத்துக்கு மேல் அந்தக் கடிகாரத்தை அவள் திருப்பவே இல்லை. அங்கே மணி வேண்டும் என்றால் அரை மணி கழிப்பாள், நம்ம ஊர் மணி வேண்டும் என்றால் அப்படியே பார்ப்பாள். ராஜபாளையத்தில் இப்போது கோவில் நடை சாத்தியிருப்பார்கள், இப்போது பால்காரர் வந்திருப்பார் என்று தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டே இருப்பாளாம். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு போன் வந்தது. "வாட்ச் திடீர்னு ஒண்ணரை மணி நேரம் தப்பா ஓடுதுடா, ரிப்பேர் ஆயிருச்சோ?" அன்றைக்கு அமெரிக்காவில் குளிர்காலத்துக்காகக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருந்தார்கள். அப்பாவின் ஜனதா நியாயமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்ததற்கும் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. அதை இங்கே கொடுக்கப் போவதில்லை, ஏனென்றால் அது பாதியில் நிற்கிறது. முதல் வரி "வீட்டை விட்டுக் கிளம்பியது, குழந்தை தூங்குகிறான்" என்று இருக்கிறது. துபாய் வரைக்கும் மணி போட்டிருக்கிறாள். அதற்கப்புறம் எழுதவில்லை. மாத்திரையையாவது ஒழுங்காகப் போட்டாளா என்று கேட்டேன். போட்டேன் போட்டேன் என்று பேச்சை மாற்றினாள்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது எதிர்வீட்டு அக்கா வந்தாள். அவள் மகன் டல்லாஸில் வீடு வாங்கியிருக்கிறான், கிரகப்பிரவேசத்துக்கு வரச் சொல்கிறான். என்னிடம்தான் கேட்டாள்: "தம்பி, போன்ல பார்த்துச் சொல்லேன், எத்தனை மணி நேரம் ஆகும்?" பழக்கதோஷம், நானும் போனை எடுத்து சென்னை, டல்லாஸ் என்று தட்ட ஆரம்பித்துவிட்டேன்.

உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது. "வீட்டைப் பூட்டின நேரத்துல இருந்து கேக்குறியா?"

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். அப்புறம் என்னை விட்டுவிட்டு அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.